விளைந்த வயலை மிதிக்காத மனுஷனுக்கு

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால்தான் உங்களுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். அன்பே, ஆருயிரே என்றெல்லாம் ஆரம்பித்தால் நான்தான் எழுதினேன் என்று நம்பவே மாட்டீர்கள். முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷமாக நீங்கள் போகாமல் இருந்த அந்தக் குட்டநாட்டு வீட்டுக்கு நான் போய்விட்டு வந்தேன். குரியனின் அம்மா உயிரோடுதான் இருக்கிறார்.

இதை மட்டாஞ்சேரியில் நம் தமிழ்க்காரர்கள் போடுகிற ஆண்டு மலருக்காக எழுதுகிறேன். படிக்கப் போகிறவர்களுக்கு உங்களைப் 'பட்டாளம் சேட்டன்' என்று மட்டும்தான் தெரியும். பஜாரில் சுக்கும் மிளகும் அடைத்த கிட்டங்கி வாசலில் காக்கிச் சட்டையோடு நின்ற காவல்காரர், ஒரு கால் செயற்கைக் கால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். அவர்களுக்காகச் சில விஷயங்களை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கே என் கதையைச் சொல்கிறாயா என்று எரிச்சல்படாமல் கேளுங்கள்.

கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு போகம் விளைகிற பூமி உங்கள் வீட்டுக்கு. உழவு மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்க டவுனுக்குப் போனவர், அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூட்டம் நின்றதைப் பார்த்து, வேடிக்கை பார்க்க வரிசையில் நின்று, நெஞ்சளவு கொடுத்து, தேறியும்விட்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அப்பா கேட்ட முதல் கேள்வி, "கயிறு எங்கடா?" இதை மாமா நம் கல்யாணத்தன்று என்னிடம் சொன்னார். "கூட்டத்தக் கண்டா போயி நின்டுருவான் தாயி, நீதான் பாத்துக்கணும்" என்றார். பார்த்துக்கொண்டேன். உங்களைப் போகவிடாமல் பிடித்து வைக்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை, போகச் சொல்லி நச்சரிக்கும்படிதான் ஆயிற்று.

பயிற்சிக் காலத்தில் உங்களுக்கு அடுத்த கட்டில் குரியனுக்கு. குட்டநாட்டில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பிள்ளை. மற்றவர்கள் பெண்களைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் இருவரும் விதைநெல்லைப் பற்றிச் சண்டை போடுவீர்களாம். வயலில் நிற்கிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிவிட்டுத்தான் எங்கள் ஊரில் விதைப்போம் என்று அவர் சொன்னதை நீங்கள் கடைசிவரை நம்பவில்லை. "எங்க ஊர்ல தண்ணிய உள்ள கொண்டாறதுக்குத்தான்டா உசிர விடுவோம், நீ என்ன வெளிய தள்ளுறேங்கிற" என்று கேட்டதாகச் சொல்லிச் சிரிப்பீர்கள். குரியன் பேச்சு வந்தால் மட்டும் உங்களுக்கு வாய் திறக்கும். அதுவும் பயிற்சி முடிகிறவரைதான் வரும், சண்டைக்குப் போன இடத்தில் கதை நின்றுவிடும்.

எழுபத்தொன்றில் யுத்தம். அது முடிந்து பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, முழங்காலுக்குக் கீழே புதுக் காலோடு ஊருக்கு வந்தீர்கள். வந்த வாரமே வயலில் இறங்கினீர்களாம். சேற்றில் அந்தக் கால் புதைந்து, உங்கள் தம்பி வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தபோது கால் உள்ளேயே தங்கிவிட்டது. ஆள் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஊரே சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள். மறுநாளே பூமியைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டீர்கள் என்பதைச் சொன்னவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

என் அப்பாவும் அந்த ஊர்க்காரர்தானே. மட்டாஞ்சேரியில் இட்லிக் கடை போட்டு இங்கேயே தங்கிவிட்டவர். திருவிழாவுக்குப் போன இடத்தில் உங்களைப் பார்த்து, கொச்சியில் ஒரு கிட்டங்கிக் காவல் வேலை இருக்கிறது, வீட்டில் ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்று இழுத்திருக்கிறார். அவர் பேசி முடிக்கும் முன்பே நீங்கள் சரி என்று சொல்லிவிட்டீர்களாம். மாப்பிள்ளைக்கு என்ன அவசரம் பார் என்று என் வீட்டில் ஒரு மாதம் கேலி. நானும் எனக்காகத்தான் அந்த அவசரம் என்று நினைத்து மல்லாந்து படுத்துக் கனவு கண்டுகொண்டிருந்தேன். ஆலப்புழை இங்கிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம், அதற்கு அந்தப் பக்கம் படகேறினால் குட்டநாடு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இருந்தாலும் பாதி எனக்காகவும் வந்தீர்கள் என்றுதான் இப்போதும் சொல்லுவேன். அந்தப் பாதியை விட்டுத்தர மாட்டேன்.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் வாசனைதான் வருகிறது. உங்கள் சட்டையைத் துவைத்தால் தண்ணீரில் சுக்கு வாசனை ஏறும். மிளகு சீசனில் நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தாலே நானும் நம் மகள் மல்லிகாவும் மாறி மாறித் தும்முவோம். சாயங்காலம் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைப்பீர்கள், மல்லிகா அதற்குத் தன் ஸ்கூல் சாக்ஸை மாட்டிவிட்டு ஒரு பொட்டும் வைப்பாள். அந்தப் பொட்டோடுதான் ஒரு நாள் டியூட்டிக்குப் போயிருக்கிறீர்கள். வந்து என்னிடம் சண்டை போடாமல், பொட்டு கோணலாக இருந்தது என்று அவளிடம் புகார் சொன்னீர்கள். பட்டாளத்து ரம் கோட்டாவை அப்படியே கொண்டுபோய் என் அப்பாவிடம் கொடுத்து, அவரை என்னிடம் திட்டு வாங்க வைத்ததை மட்டும் நான் மறக்கவில்லை.

கிட்டங்கி முற்றம் முழுக்க இஞ்சி காயப் போட்டிருப்பார்கள். எல்லோரும் அதன் மேல்தான் நடப்பார்கள், காலாலேயே தள்ளிக் கிளறிவிடுவார்கள், அதுதான் அங்கே வழக்கம். நீங்கள் மட்டும் சுவரோரமாக, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, முற்றத்தைச் சுற்றிப் போவீர்கள். ஒரு நாள் உங்களுக்குச் சோறு கொண்டுவந்தபோது ஒரு தொழிலாளி விளையாட்டாகக் கேட்டான், "என்ன பட்டாளம், சுக்குக்குள்ள கண்ணிவெடி வெச்சிருக்கோ?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் தூக்குவாளியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தீர்கள். பசியில்லை என்றீர்கள்.

அப்புறம் அந்த ஆலப்புழைப் பயணங்கள். சில மாதம் ஒருமுறை, லீவு நாளில், துவைத்த சட்டை போட்டுத் தலை சீவித் தோப்பும்படிக்குப் போய் பஸ் ஏறுவீர்கள். சாயங்காலம் ஒரு கூடை வாத்து முட்டையோடு வருவீர்கள். அங்கே மலிவு என்பீர்கள். முட்டைக்காக யாராவது தலை சீவிக்கொண்டு போவார்களா? எனக்குச் சந்தேகம் வந்தது, ஏன் வராது? பக்கத்து வீட்டுக்காரிகளும் ஆளுக்கு ஒரு கைப்பிடி உப்புப் போட்டார்கள். அந்த ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்று நானே முடிவு கட்டி, அவளுக்கு மூக்கும் முழியும் எல்லாம் வைத்துவிட்டேன்.

மழை பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடையோடு நீங்கள் படியேறும்போதே வாசலை மறித்துக்கொண்டு கேட்டேன். "ஆலப்புழையில ஆரு இருக்கா? உள்ளதைச் சொல்லுங்க, இல்லேன்னா நான் எங்க அப்பா கடைக்குப் போறேன்." நீங்கள் கூடையைக் கீழே வைத்தீர்கள். "குரியனோட அம்மா" என்றீர்கள். அதைச் சொல்லும்போதே உங்கள் தாடை ஆடியது. மழையில் நின்றபடி அழுகிற ஆம்பிளையை நான் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே கூட்டி வந்து துண்டு கொடுத்தேன், நீங்கள் துவட்டாமலே சொன்னீர்கள்.

கிழக்கு எல்லையைத் தாண்டி உங்கள் பிரிவு நடந்துகொண்டிருந்தது. வரப்பிலும் ஒற்றையடிப் பாதையிலும்தான் கண்ணிவெடி புதைத்திருப்பார்கள், யாரும் அதில் ஏறக்கூடாது, பயிருக்குள்ளேதான் நடக்க வேண்டும் என்று ஹவில்தார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாராம். இதற்கு மேல் நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன். "இருட்டுல நெல்லுக்குள்ளதான் புள்ள நடந்தோம். என்னத்த மிதிக்கிறோம்னு தெரியல. விடிஞ்சு வெளிச்சம் வந்துச்சு. பாத்தா கதிரெல்லாம் தல சாஞ்சு கெடக்கு. ஊரு சனமெல்லாம் ஓடிப்போச்சு, அறுக்க ஆளில்ல. அதுக்கு மேல கால் உள்ள எறங்கல. அதுவாட்டுக்கு வரப்புல ஏறிருச்சு."

நீங்கள் ஏறினீர்கள், பின்னால் குரியனும் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் அவர் வெடியில் கால் வைத்துவிட்டார். அவரைத் தூக்கத் திரும்பி ஓடி வந்தபோது உங்கள் காலடியில் இன்னொன்று. குரியன் அங்கேயே போய்விட்டார், உங்களுக்குக் கால் போயிற்று. இவ்வளவுதான் நடந்தது. வேறு யார் செய்வார்கள் இந்தத் தப்பை? ரேஷன் கடையில் அரிசி வாங்கித் தின்று வளர்ந்த என்னைப் போன்ற ஆளாக இருந்தால் கதிர்மேல் பூட்ஸை வைத்து நேரே போயிருப்பேன், உயிரோடும் திரும்பியிருப்பேன். நடவு நட்டவனுக்குத்தான் கால் இறங்காது.

"அந்தம்மா, முன்னாடி போனது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று கேட்டீர்கள். அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஆலப்புழைப் படகுத்துறை வரை போய், டிக்கெட் கூட எடுத்து, படகு கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். சும்மா திரும்பினால் நான் கேட்பேன் என்று வாத்து முட்டை. அன்று உங்கள்மேல் எனக்கு வந்த பாசத்தை எப்படிச் சொல்ல? அதற்குப் பிறகு நானும் கூட வருகிறேன் என்றேன், நானே பேசுகிறேன் என்றேன், கத்தியும் பார்த்தேன். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றே தள்ளினீர்கள். இந்த ஆடியில், மழைக்குப் பயந்து சாக்கு மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்து, நெஞ்சு அடைக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மல்லிகாதான் சொன்னாள், "அப்பா போகாத இடத்துக்கு நம்ம போலாம் அம்மா." உங்கள் மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், மலையாளம் மழையாகக் கொட்டும். படகில் பெயர்ப்பலகைகளை எல்லாம் அவளே படித்து வழி கேட்டுக் கூட்டிப்போனாள். குரியனின் வீட்டுப் பெயர் எங்களுக்கு மனப்பாடம், நீங்கள் தூக்கத்தில் அத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். போகிற வழியெல்லாம் வயலில் தண்ணீர், மோட்டார் வைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். குரியன் சொன்னது பொய் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு, முதுகு கூனிவிட்டது, கண் மட்டும் கூர்மை. அவர் மலையாளத்தில் பேசியதை நான் தமிழாகவே எழுதுகிறேன். உங்கள் மலையாளம் உங்கள் காலைவிட அதிகமாக நொண்டும் என்று எனக்குத் தெரியும்.

"உங்க மகனோட பட்டாளத்துல இருந்தவரோட பெஞ்சாதி அம்மச்சி. தமிழ்க்காரங்க" என்றேன்.

"முத்தய்யனா?" என்றார். நான் தலையாட்டினேன். மல்லிகாதான் சொன்னாள், "அப்பா இந்த ஆடியில மரிச்சுப்போயிட்டாரு அம்மச்சி."

அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இந்த ஆடியிலா? அவன் என் மோனோட அன்னிக்கே போயிட்டான் இல்லையா?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் அவர் சொன்னார். கடைசி லீவு முடிந்து கிளம்புகிறபோது குரியன் படகில் ஏறி நின்றுகொண்டு அம்மாவிடம் சொன்னாராம். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா முத்தய்யன் வருவான் அம்மச்சி, வந்து எல்லாம் சொல்லுவான். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அவன் வீட்டுக்குப் போவேன். நாங்க வாக்குக் கொடுத்திருக்கோம்." அப்புறம் தந்தி வந்தது. மகனின் துணிமணி வைத்த பெட்டி வந்தது. உங்களுக்காக அந்த அம்மா ஒரு அறுப்புக் காலம் முழுக்கப் படகுத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "பெட்டி வந்துச்சு மோளே, ஆள் வரல. உயிரோட இருந்தா அவன் வராம இருக்க மாட்டான். அப்போ அவனும் போயிட்டான்னு நினைச்சேன்."

அதனால் ஒவ்வொரு டிசம்பரிலும் மகனின் நினைவு நாளில், மாதா கோவில் பூசைக்குப் பாதிரி அச்சனிடம் இரண்டு பெயர் கொடுத்து வந்திருக்கிறார். குரியன், முத்தய்யன்.

கேட்டீர்களா? நீங்கள் இங்கே சாயா குடித்துக்கொண்டும், மல்லிகாவுக்குக் கோணல் பின்னல் போட்டுக்கொண்டும், என்னோடு மல்லுக்கு நின்றுகொண்டும் இருந்த வருஷங்களில், அங்கே உங்கள் ஆத்மசாந்திக்குப் பூசை நடந்திருக்கிறது. எந்த முகத்துக்குப் பயந்து படகுத்துறையிலிருந்து திரும்பி வந்தீர்களோ, அந்த முகம் உங்களுக்காக மண்டி போட்டிருக்கிறது. வாக்குக் கொடுத்த விஷயத்தை என்னிடம்கூட ஏன் மறைத்தீர்கள்? தெரிந்திருந்தால் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டாவது போயிருப்பேனே.

நீங்கள் உயிரோடு இருந்தீர்கள் என்று புரிந்ததும் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது. "ஜீவனோட இருந்துட்டு வரலையா அவன்?" என்றார். கிழங்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார், வெளியே வரவில்லை. மல்லிகா என் சேலையை இழுத்து, போயிடலாம் அம்மா என்றாள். எனக்குப் போக மனசில்லை. அடுக்களைக்குள் நானே போய், அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையில் ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வரப்பில் முதலில் ஏறியது என் வீட்டுக்காரர்தான், உங்கள் மகன் பின்னால் ஏறினார் என்றும் சொன்னேன். உங்களால் முடியாததை நான் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "விளைஞ்ச வயல்ல கால் வெச்சா அவன் அப்பன் புளியங்கம்ப எடுப்பாரு. சின்னதுலயே அடி வாங்கி வளர்ந்தவன் மோளே அவன். உன் ஆளு முன்னால போகலேன்னா என் மோன் முன்னால போயிருப்பான். யார் பின்னாலயும் அவன் வரப்புல ஏறல, அவன் கால்தான் ஏறிச்சு" என்றார். உரித்த கிழங்கைச் சட்டியில் போட்டுவிட்டு, "இதுக்கா பயந்தான் மண்டன்" என்றார். மண்டன் என்றால் மலையாளத்தில் முட்டாள். அதை அவர் சொன்ன விதத்தில், பெற்ற பிள்ளையைத் திட்டுகிற திட்டுதான் இருந்தது.

அப்புறம் கேட்டார், "என் மோன் கடைசியா என்ன சொன்னான்?"

அது எனக்குத் தெரியும், நீங்கள் அந்த மழை நாளில் சொன்னதுதான். குரியன் வரப்பில் நின்று ஒரு கதிரை உருவி, ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, "எடா முத்தய்யா, அறுக்க நாளாச்சு. இன்னும் விட்டா உதிர்ந்து போகும். இந்த சனங்க எப்போ திரும்பி வருமோ" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதைத்தான் சொல்லுவான். வேற ஒண்ணும் அவனுக்குத் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அழுதேன். உங்களுக்காக ஆற அமர நான் அழுதது அந்த அடுக்களையில்தான்.

கப்பையும் மீன் குழம்பும் போட்டு, சாப்பிடாமல் படியிறங்கவிடவில்லை. கிளம்பும்போது கேட்டேன், இனிமேல் என்ன செய்வீர்கள் அம்மச்சி, பேரை எடுத்துவிடுவீர்களா என்று. "எதுக்கு? இத்தனை வருஷமும் தெரியாம சொன்னேன், இந்த டிசம்பர்லதான் நெசமா சொல்லப் போறேன். நீ வா. வந்து என் பக்கத்துல நின்னு, அன்னிக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

போகிறேன். இந்த டிசம்பரில் மட்டுமில்லை, அவர் இருக்கிற வரைக்கும் போவேன், எனக்கு முடியாத காலத்தில் மல்லிகா போவாள். உங்கள் வாக்கை உங்களுக்குப் பதிலாக நான் எடுத்துக்கொண்டேன். பெட்டி மட்டும் வந்த அந்த வீட்டுக்கு இனி வருஷா வருஷம் ஆள் வரும்.

உங்களை ஒரு பாதியும் விட்டுத்தராத
உங்கள் பெஞ்சாதி,
மல்லிகாவின் அம்மா